வன்னியில் வீட்டு அறையிலேயே ஒரு லோ-ஃபை அல்பம் பதிவு செய்யும் முறை

சொந்தமாகப் பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிற ஒருவர், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணித்தியாலக் கணக்கில் பணம் கட்டாமல், கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ உள்ள தன் வீட்டு அறையிலேயே எட்டுப் பத்துப் பாடல்கள் கொண்ட ஓர் அல்பத்தைப் பதிந்து முடிக்கலாம். அதற்குத் தேவையான பொருள்கள் குறைவு. தேவையான கவனம் அதிகம். அந்தக் கவனத்தை எங்கெங்கே செலுத்த வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

லோ-ஃபை என்று அழைக்கப்படும் இசையில், கூடத்தில் துடைத்தெடுத்த துல்லியம் இருக்காது; பாடிய இடத்தின் இரைச்சலும் பதிந்த கருவியின் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். இன்று பலர் சுத்தமாகப் பதிந்த பாட்டின் மேல் கணினியிலிருந்து கசெற் இரைச்சலையும் கீறல் விழுந்த இசைத்தட்டின் பொரிவையும் தூவி, அதையே லோ-ஃபை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாடுபவர் நம் அருகில் இருந்து நமக்காகவே பாடுகிறார் என்று கேட்பவருக்குத் தோன்றுகிற நெருக்கந்தான் இந்த வகை இசையின் வலு, அந்த நெருக்கத்தைத் தருவது குரலும் சொல்லும். ஆகவே எதைச் செய்தாலும் ஓர் அளவுகோலை விடாதீர்கள்: பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும்; சொல்லை மறைக்காத ஓசை எதுவானாலும் அது இருந்துவிட்டுப் போகலாம்.

இவ்வழிக்கு முன்னோடிகள் உண்டு. 1979இல் டீயாக் நிறுவனம் வெளியிட்ட 144 போர்ட்டாஸ்டூடியோ என்ற கருவி, சாதாரணக் கசெற்றிலேயே நான்கு தடங்களை, அதாவது குரலுக்கொன்று கருவிக்கொன்று என்று நான்கு பதிவுகளை, தனித்தனியே பதிய வழி செய்தது. 1982இல் வெளிவந்த, அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ அல்பம் நியூ ஜேர்சியில் அவருடைய வீட்டில் இந்தக் கருவியிற்றான் பதிவாகியது. அதே பாடல்களை இசைக்குழுவோடு கூடத்தில் மீண்டும் பதிந்து பார்த்த பிறகும், வீட்டில் பதிந்த கசெற்றே அல்பமாக வெளியிடப்பட்டது. வன்னியின் காதுகளுக்கும் இந்த ஓசை புதியதன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலம் கிடையாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலியும் கசெற்றும் கேட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மிதி தளர்ந்தால் பாட்டும் தளரும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அறையும் பருவமும்

ஒலிவாங்கி வாங்குவதற்கு முன் அறையைத் தெரிவு செய்யுங்கள். போருக்குப் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில் பெரும்பாலும் சிறிய சதுர அறைகள், பூசிய சுவர்கள், சீமெந்துத் தரை. இப்படிப்பட்ட வெற்று அறையின் நடுவில் நின்று கையை ஒருமுறை தட்டினால், ‘டிர்ர்’ என்று உலோகத்தில் பட்டதுபோல ஓர் அதிர்வு தொடர்ந்து வரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஓசை மோதி மோதித் திரும்புவதால் எழுகிற இந்த அதிர்வு, பதிவில் மெய்யெழுத்துகளின் விளிம்பை மழுங்கடித்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகக் கழற்ற முடியாது. எனவே அதைப் பதியும்போதே தடுக்க வேண்டும்.

இதற்குக் கடையில் விற்கும் கடற்பஞ்சுப் பலகைகள் தேவையில்லை. காலபோக அறுவடை முடிந்து தை, மாசி, பங்குனி மாதங்களில் வீட்டுக்குள் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்குமானால், அந்த அறையிலேயே பதியுங்கள். பாரமும் நுண்ணிய இடைவெளிகளும் சேர்ந்திருப்பதால் நெல் மூட்டை தாழ்ந்த ஓசைகளையும் ஓரளவு உறிஞ்சும். மெல்லிய பஞ்சு உறிஞ்சுவது மேலோசையை மட்டுமே. மூட்டைகளைச் சுவரின் இரண்டு மூலைகளில் மார்பளவுக்கு அடுக்கி, அவற்றை நோக்கிப் பாடாமல், அவை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். ஒலிவாங்கி உங்கள் வாயை நோக்கியபடி உங்களுக்குப் பின்னால் இருப்பதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது; ஆகவே முதுகுப் புறத்தை அடக்குவதே முதல் வேலை. நெல் இல்லாத காலத்தில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைக்கலாம், கொடியில் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிடலாம், தரையில் பாயை விரிக்கலாம். மீண்டும் கை தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ போய் ‘டப்’ என்று ஓசை அடங்கினால் போதும். அதற்கு மேலும் அறையை அடைத்தால் குரல் மூச்சு முட்டியதுபோல ஆகிவிடும்.

கூரையையும் கவனியுங்கள். தகரக் கூரை காலை வெயில் ஏறும்போது விரிந்தும் மாலையில் சுருங்கியும் ‘டக், டக்’ என்று அடிக்கும். மழைக்காலத்தில் அதன்கீழ் எதையும் பதிய முடியாது. ஓட்டுக் கூரை இவ்விரண்டிலும் பரவாயில்லை. ஓலைக் கொட்டில் இருந்தால் அதுவே மிகச் சிறந்த பதிவறை: கிடுகு ஓசையைத் திருப்பி அனுப்பாது, வெப்பமும் குறைவு. வெளி ஓசை அதற்குள் தாராளமாக வரும் என்பதொன்றே அதன் குறை.

வெளி ஓசையைப் பொறுத்தவரை, வன்னியில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை தவளைகள் இரவு முழுதும் கத்தும். வைகாசியிலிருந்து சோளகம் வீசும்போது பனையோலைகள் ஓயாமல் சலசலக்கும். விதைப்பிலும் அறுவடையிலும் உழவு இயந்திரமும் வெட்டு இயந்திரமும் ஓடும். காட்டோரக் கிராமங்களில் நள்ளிரவில் யானை வெடி கேட்கும். விடியலிலும் அந்தியிலும் மயில் அகவும். இரவில் ஆட்காட்டிக் குருவி திடீரென்று கத்திக்கொண்டு பறக்கும். இவற்றில் எதையும் முழுதாகத் தடுக்க உங்களால் முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஓர் அல்பத்தின் பாடல்கள் எல்லாவற்றையும் ஒரே பருவத்துக்குள், ஒரே அறையில், இயன்றவரை ஒரே நேரத்தில் பதிந்துவிடுங்கள். மூன்று பாட்டில் தவளையும் மூன்று பாட்டில் காற்றும் மூன்று பாட்டில் வெறுமையுமாக இருந்தால், அது அல்பமாகச் சேராது. வெவ்வேறு இடத்தில் எடுத்த துண்டுகளாகவே கேட்கும். ஒரே காற்றில் பதிந்த பத்துப் பாடல்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது, கேட்பவர் தாமறியாமலே அந்த அறைக்குள் வந்து அமர்ந்துவிடுகிறார். இந்த ஓர் அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

எந்த ஓசையை விடலாம், எதற்காகப் பதிவை நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு தெளிவான பிரிவு உண்டு. இலையசைவு, பூச்சியொலி, தூரத்து வாகனம் ஆகியவற்றில் மெட்டாகக் காதில் நிற்கிற சுருதி இல்லை. ஆகவே அவை பெரும்பாலும் பாட்டின் சுருதியோடு மோதுவதில்லை. தெருவில் வரும் பாண் ஓட்டோவின் மெட்டு, கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஆகியவற்றுக்குச் சுருதியும் தாளமும் உண்டு. அவை மிக மெலிதாகக் கேட்டாலும் உங்கள் பாட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். அதோடு, ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு உங்கள் பதிவுக்குள் தெளிவாக நுழைந்திருந்தால், யூரியூப்பின் தானியங்கிக் கண்காணிப்பு அதைப் பிறர் பாட்டென்று அடையாளம் கண்டு உரிமை கோரக்கூடும். வைகாசிப் பொங்கல் காலத்தில் வற்றாப்பளைப் பக்கத்திலோ, ஆவணித் திருவிழாக் காலத்தில் மடுப் பக்கத்திலோ வசிப்பவர்கள் அந்த நாட்களைப் பதிவுக்கு ஒதுக்காமல் பாட்டெழுதுவதற்கு ஒதுக்குவது நல்லது.

பக்கத்துக் காணியில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடினால், அதன் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “அண்ணை, பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் மோட்டரை நிப்பாட்டி வைக்கேலுமோ? ஒரு பாட்டுப் பதியிறன்” என்று நேரே போய்க் கேட்டால் மறுப்பவர் அரிது. முடிந்த பாட்டை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள்.

என்னென்ன வேண்டும்

கையில் கைப்பேசி மட்டுமே இருந்தால் அதிலேயே தொடங்கலாம். பதிவுச் செயலியின் அமைப்புக்குள் போய், ஓசையைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் வடிவத்தைத் தெரிவு செய்து, இரைச்சல் நீக்கம், தானாக ஒலியளவை ஏற்றி இறக்குதல் ஆகிய இரண்டும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இரைச்சல் நீக்கம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அது கிற்றார் நரம்பின் நீளும் ஓசையை இரைச்சலென்று எண்ணி வெட்டிவிடும். விமானப் பயன்முறையில் வைத்தால், அழைப்பு வருவதும் இணைப்பைத் தேடும்போது எழுகிற ‘டிடிட், டிடிட்’ என்ற குறுக்கீடும் இல்லாமற் போகும்.

பணம் செலவிட முடியுமானால், முதலில் காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றை வாங்குங்கள். அடுத்தது ஒரு டைனமிக் ஒலிவாங்கி. அதற்கடுத்தது அதைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸ். கண்டென்சர் ஒலிவாங்கி நுணுக்கமானதுதான், ஆனால் அது 48 வோல்ட் மின்னூட்டம் கேட்கும், அறையின் ஒவ்வோர் எதிரொலியையும் பூச்சியையும் பொறுக்கிச் சேர்க்கும். அடக்கப்படாத அறையில் ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற டைனமிக் வகையே நமக்குப் பொருந்தும். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம்: கணினிக்கு ஓடாசிட்டியும் கைப்பேசிக்கு பாண்ட்லாப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன.

மின்சாரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டின் மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ். நில இணைப்புச் சரியில்லாத வீட்டில் மடிக்கணினியைச் சார்ஜரோடு செருகிப் பதிந்தால், அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸும் ‘ம்ம்ம்’ என்று பாட்டுக்குள் குடியிருக்கும். இது சுருதியுள்ள இரைச்சல். ஏறத்தாழத் தாழ்ந்த ஜி சுரத்தில் நிற்பதால் பல பாட்டுகளின் சுருதியோடு மோதும். சார்ஜரைக் கழற்றி, மின்விசிறியை நிறுத்தி, மின்கலத்தில் ஓடவிட்டுப் பதியுங்கள். மின்வெட்டு நேரம் உண்மையில் நல்ல பதிவு நேரம், ஏனென்றால் அப்போது ஊரே அமைதியாகிவிடும்.

பாடிப் பதிதல்

நான்கு தடங்களுக்கு மேல் பயன்படுத்துவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். குரல் ஒன்று, கிற்றார் அல்லது ஆர்மோனியம் ஒன்று, தாளத்துக்கு உடுக்கோ கெஞ்சிராவோ கைதட்டலோ ஒன்று, மிஞ்சும் ஒரு தடத்தில் இரண்டாம் குரல். கணினி நூறு தடம் தரும் என்பதற்காக நூறையும் நிரப்பப் போனால், எந்தப் பாட்டும் முடியாது. தட்டுப்பாடு தெரிவைக் கட்டாயமாக்கும். தெரிவு பாட்டைத் தெளிவாக்கும்.

பதிவின் தரத்தை 44.1 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொண்டு, மிகச் சத்தமாகப் பாடும் வரியில் அளவுமானி கழித்தல் 12இலிருந்து கழித்தல் 6 டெசிபெலுக்குள் நிற்கும்படி ஒலியளவை வையுங்கள். கசெற் நாடாவில் அளவு மிஞ்சினால் ஓசை மெல்ல மெல்லத் தடித்துக் கரகரக்கும், அதில் ஓர் இனிமையும் உண்டு. கணினியில் பூச்சியத்தைத் தாண்டினால் ஓசை அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கூர்மையாக உடையும். அதில் எந்த இனிமையும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி அளவை மிஞ்சவிடக் கூடாது.

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையில் ஒரு சாண் இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் குரலின் அடியோசை பெருகி, காதருகே பேசுவதுபோன்ற நெருக்கம் கிடைக்கும். தாலாட்டுத் தன்மையுள்ள பாட்டுக்கு அது பொருந்தும், உச்சத்தில் பாடும் பாட்டுக்குப் பொருந்தாது. தமிழில் சொல்லின் முதலில் வரும் ‘ப’வும் நடுவில் இரட்டிக்கும் ‘ப்ப’வும் காற்றைப் பீறிட்டு அனுப்பி ஒலிவாங்கியில் ‘புஃப்’ என்று மோதும். வாய்க்கு நேரே வைக்காமல் ஒலிவாங்கியைக் கன்னத்துப் பக்கமாக இரண்டு விரலளவு நகர்த்தி வைத்து, வாயை நோக்கிச் சாய்த்தால் அந்தக் காற்று பக்கத்தால் போய்விடும். கைப்பேசியில் பதிபவர்கள் அதன் அடிப்பக்க ஒலிவாங்கி வாயை நோக்கும்படி, மேசைமேல் வைக்காமல் கதிரையில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். மேசைப் பலகை ஓசையைத் திருப்பியடிக்கும், கால் தட்டும் தாளத்தையும் கடத்தும்.

குரலையும் கிற்றாரையும் தனித்தனியே பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேர்த்துப் பாடும்போது மூச்சும் விரலும் ஒன்றையொன்று பார்த்து நடக்கும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமுக்கு ஒத்துப் பாடும் பாட்டில் அந்த ஏற்ற இறக்கம் செத்துவிடும். இரண்டு கைப்பேசிகள் கிடைத்தால், ஒன்றைக் குரலுக்கும் ஒன்றைக் கிற்றாரின் பன்னிரண்டாம் கட்டுக்கு எதிரேயும் வைத்து, தொடங்குமுன் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். பின்னர் அந்தத் தட்டலின் கூர்முனையைக் கொண்டு இரண்டையும் கணினியில் பொருத்தலாம். இரண்டு கைப்பேசிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாததால் பாட்டின் இறுதிக்கு வரும்போது சில மில்லி செக்கன் விலகியிருக்கும். சரணத்துக்குச் சரணம் வெட்டி நகர்த்திச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னோ பின்னோ, யாரும் பேசாமல் அசையாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிந்து வையுங்கள். இடையில் ஓர் இருமலை வெட்டி நீக்கும்போது அந்த இடத்தில் முழு அமைதியை வைத்தால் பள்ளம்போலக் கேட்கும்; இந்த வெறும் அறையோசையை வைத்தால் வெட்டே தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலும் இதை ஓடவிடலாம்.

பழைய கசெற்றும் பழைய குரலும்

நாடாவின் தன்மை வேண்டுமென்றால், செயற்கையாகச் சேர்ப்பதைவிட உண்மையான கசெற் ஊடாகப் பாட்டை ஒருமுறை அனுப்பி எடுப்பதே நேர்மையானது. பல வீடுகளில் அலுமாரிக்கு மேல் ஒரு கசெற் றேடியோ இன்னும் கிடக்கிறது. அதில் வெளிக்கருவியிலிருந்து பதியும் துளை இருந்தால், கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து அதற்கு வயரைக் கொடுத்து, எல்லாத் தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து முடிந்த கலவையைக் கசெற்றில் பதிந்து, அதை ஓடவிட்டு மீண்டும் கணினிக்குள் எடுங்கள். கசெற் செக்கனுக்கு 4.76 சென்றிமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். பழைய றேடியோவில் அந்த வேகம் மிகச் சிறிதாகக் கூடிக் குறையும். அதனால் குரலை மட்டும் தனியே அனுப்பி எடுத்தால் மற்றத் தடங்களோடு அது பொருந்தாது. முழுக் கலவையையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்கு முன் ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டு, நாடா உரசிச் செல்லும் பதிதலையைத் துடைத்துவிடுங்கள்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் ஒரு வீட்டில் கிடைக்கிற பழைய கசெற்றை வெற்றுக் கசெற் என்று ஒருபோதும் எண்ணிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்தவை, பிறந்தநாளில் பிள்ளைகள் பாடியவை, கூத்தில் பதிந்தவை, இன்று இல்லாதவர்களுடைய குரல்கள் அவற்றில் இருக்கலாம். இடப்பெயர்வுகளைத் தாண்டி ஒரு கசெற் மிஞ்சியிருப்பதே அரிது. இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பாருங்கள். வெளியுறையில் சினிமாப் பாட்டின் பெயர் எழுதியிருந்தாலும், இடையில் பத்து நிமிடம் யாரோ பேசியிருக்கக்கூடும். அப்படி ஏதாவது இருந்தால் உங்கள் அல்ப வேலையை ஒருநாள் ஒத்திவைத்து, அந்தக் குரலைக் கணினிக்கு எடுத்து வீட்டாருக்குக் கொடுங்கள். கசெற்றின் விளிம்பிலுள்ள பதிவுத் தடுப்பு மடல்கள் இரண்டையும் உடைத்துவிட்டால் அதன்மேல் இனித் தவறியும் பதிய முடியாது. நாடாவில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள், அது பதிதலையிலும் பிறகு போடும் ஒவ்வொரு கசெற்றிலும் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அத்தகைய குடும்பக் குரலை உங்கள் பாட்டுக்குள் வைக்கலாமா என்ற கேள்வி எழும். வீட்டார் எல்லோரும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு மட்டுமே வைக்கலாம். அருவிவெட்டுப் பாட்டோ ஒப்பாரியோ தெரிந்த மூதாட்டி ஒருவரிடம் பதிந்தாலும் அப்படியே: எதற்காகப் பதிகிறோம், எங்கெல்லாம் கேட்கும் என்பதை விளக்கி, அவர் பெயரை அல்பத்தில் எழுதி, வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காறுகளுக்கும் தனியே பாதுகாப்புத் தருகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் கேட்கும் அழுகுரல்களைப் பின்னணி ஓசையாகப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் குரல் ஒரு கேள்வியைக் கேட்கிறது. அதைப் பாட்டுக்கு நிறம் பூசப் பயன்படுத்தக் கூடாது.

கலவை

குரலில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். காற்றின் உறுமலும் கால் அதிர்வும் அதோடு போகும். அறை பெட்டிக்குள் இருப்பதுபோலக் கேட்டால் 300 முதல் 500 ஹேர்ட்ஸ் வரை சிறிது குறையுங்கள். லோ-ஃபை என்றால் மேலோசையைச் சீவிவிட வேண்டும் என்று எண்ணிப் பலரும் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் முழுதாக வெட்டுகிறார்கள். தமிழ்ப் பாட்டை இதைவிடக் கெடுக்கும் வழி இல்லை. ‘க’வையும் ‘த’வையும் ‘ற்ற’வையும் பிரித்துக் காட்டுகிற கூர்மை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸுக்குள் இருக்கிறது, ‘ச’வின் சீறல் அதற்கும் மேலே. வெட்ட வேண்டுமானால் கிற்றாரையும் தாளத்தையும் 6 கிலோஹேர்ட்ஸில் வெட்டுங்கள், குரலை 10 அல்லது 12 கிலோஹேர்ட்ஸ் வரை திறந்து விடுங்கள். அப்போது பின்னணி மங்கி நிற்க, சொல் முன்னே வரும்.

எதிரொலி தேவைப்படும் பாட்டுக்கு ஊர்ப் பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் திறப்பை வாங்கி, ஆளில்லாத நேரத்தில், குரல் தடத்தை மட்டும் ஒரு புளூடூத் ஒலிபெருக்கியில் மேடையிலிருந்து ஒலிக்கவிட்டு, மண்டபத்தின் மறுமுனையில் கைப்பேசியில் பதியுங்கள். அந்தப் பதிவை மூலக் குரலுக்குக் கீழே மெலிதாகக் கலந்தால், எந்தச் செயற்கை எதிரொலியும் தராத ஓர் இடம் பாட்டுக்குக் கிடைக்கும். ஒலிபெருக்கிக்கு ஒலி சற்றுத் தாமதித்துப் போவதால், கணினியில் தடத்தை முன்னே இழுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கலவை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியிலும், ஓட்டோவிலும், ஏ9 வீதியில் ஓடும் பேருந்தின் ஜன்னலோரத்திலும் கேளுங்கள். உங்கள் பாட்டைப் பெரும்பாலோர் கேட்கப்போவது அங்கேதான். பாட்டைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, விளங்கிய வரிகளை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தச் சொல்லை அவர் பிழையாக எழுதுகிறாரோ அந்த இடத்தில் கிற்றாரைக் குறையுங்கள், அல்லது அந்த வரியை மீண்டும் பாடுங்கள்.

முழு அல்பத்தின் சராசரி உரப்பையும் ஒன்றுபோலாக்க யூலீன் என்ற இலவச மானி உதவும். ஸ்பொட்டிஃபை ஏறக்குறைய கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடல்களைச் சமப்படுத்துகிறது. அதைவிட உரத்துக் கொடுத்தால் அது குறைத்துவிடும், ஆகையால் உரப்புக்காகப் பாட்டை நசுக்குவதில் பயனில்லை. மெதுவான பாட்டு மெதுவாகவே இருக்கட்டும். உச்சம் கழித்தல் 1 டெசிபெலைத் தாண்டாதிருந்தால் போதும்.

வெளியிடுதல்

எட்டு முதல் பத்துப் பாடல், முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் என்பது இந்த வகை அல்பத்துக்கு நல்ல நீளம். ஒரே சுருதியிலோ ஒரே வேகத்திலோ உள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

பாட்டு உருவான கணத்திலேயே அதன் பதிப்புரிமை உங்களுடையது. மேலே சொன்ன சட்டத்தின்படி எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, உரிமை ஆக்கியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆயினும் வேறொருவர் வரி எழுதியிருந்தால் அல்லது உடுக்கு அடித்திருந்தால், பங்கு எவ்வளவு என்பதை வெளியிடுமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதே நட்புக்குப் பாதுகாப்பு.

ஸ்பொட்டிஃபை 2021 முதல் இலங்கையில் இயங்குகிறது. அதில் தனியாளாக நேரே பாட்டை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகத் தளம் ஒன்றின் ஊடாகவே கொடுக்க வேண்டும். அட்டைப்படம் 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். பாட்டின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பாடகர் பெயரை மட்டும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்திருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் தளம் உங்களை இரண்டு ஆளாக்கிவிடும். ஸ்பொட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் தெரிவாளர்கள் கேட்பதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமாதலால், வெளியீட்டு நாளை ஒரு மாதம் தள்ளிக் குறியுங்கள். வருமானத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்: 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை பணம் தருவதில்லை. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் நம்மவர்கள் விலை கொடுத்து வாங்கக்கூடிய பாண்ட்காம்ப் போன்ற தளம் சிறிய அல்பத்துக்கு அதிகம் உதவும். அது மின்வழி விற்பனையில் 15 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. பணம் பேபால் வழியே வரும் என்பதால், அதை இங்கே எப்படிப் பெறுவது, வெளிநாட்டு உறவினர் ஒருவரின் கணக்கைப் பயன்படுத்துவதா என்பதைப் பக்கம் திறக்குமுன்பே தீர்மானித்துவிடுங்கள்.

24 பிட் வேவ் கோப்பு ஸ்ரீரியோவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 மெகாபைற் பிடிக்கும். 35 நிமிட அல்பம் 560 மெகாபைற்றுக்கு வரும். இரவு நேர டேட்டாவில், ஒவ்வொரு பாட்டாக ஏற்றுங்கள். ஊரவர்களுக்கு அத்தனை பெரிய கோப்பு வேண்டாம்: 192 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் முழு அல்பமும் ஏறக்குறைய 50 மெகாபைற்றில் அடங்கும், அதை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம். சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் எல்லோரும் சேர்ந்திருந்து கேட்க ஏற்பாடு செய்வதும் நல்லது. பாட்டு வரிகளை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

கலக்காத மூலத் தடங்களை, பாட்டின் பெயரும் நாளும் தடத்தின் பெயரும் இட்டு, இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள்.